மேசைக்கு அடியில்

கட்டைப் பிரித்ததும் வாடைதான் முதலில் வந்தது. மேசைமேல் மயக்கத்தில் கிடந்த பெரியவரின் பாதத்தைச் சுற்றியிருந்த துணியை நர்ஸ் நறுக்கி, கடைசிச் சுற்றை உரித்தபோது, ஆபரேஷன் தியேட்டரின் ஏசி குளிரிலும் அது மெல்ல எழும்பி எல்லாருடைய முகமூடிக்குள்ளும் புகுந்தது. மயக்க மருந்து டாக்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். மூலையில் நின்ற பயிற்சி மாணவிகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கருவித் தட்டுக்கு முன்னால், கையுறை போட்ட கைகளை மார்புக்கு நேராகக் கோத்தபடி நின்ற அவள் மட்டும் அசையவில்லை. சமுதாயக் கல்லூரியில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்புக்குச் சேர்ந்தவர்களில் அவள்தான் மூத்தவள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். வகுப்பு முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அக்காவுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று அந்த நேரம் யாராவது நினைத்திருக்கக்கூடும். ஆனால் அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டு நின்றாள். அந்த வாடை அவளுக்குப் பழக்கமானது. கனிந்து அழுகிய பழம் போல லேசான இனிப்பு கலந்தது. கொஞ்ச நாளாக அவள் வீட்டுப் படுக்கையறையில் இருந்தது. எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அலமாரியை நகர்த்திப் பார்த்திருந்தாள். திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டிருந்தாள். மகளோடு சண்டை போட்டு அவளுடைய விளையாட்டு ஷூவை வெயிலில் வைத்திருந்தாள்.

பாதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே மருந்து தடவினார்கள். டாக்டர் கையை நீட்டினார். அவள் கத்தியை வைத்தாள். அதன்பிறகு எதைக் கேட்டாலும் கேட்டு முடிக்குமுன் அது அவர் உள்ளங்கையில் இருந்தது. எலும்பு தெரிந்த பிறகு பயிற்சி ஆசிரியை தட்டுப் பக்கம் வேறொருத்தியை நிறுத்திவிட்டு, அவளைக் கால்மாட்டுக்கு அனுப்பினார். கத்தரி என்று மாணவிகள் பெயர் வைத்திருந்த அந்த அம்மாள் எதையும் நீட்டிச் சொல்வதில்லை.

"பிடிங்க."

ரம்பம் ஓடிய நேரம் அதிகமில்லை. சத்தம் சட்டென்று மாறியது. அடுத்த கணம் அத்தனை கனமும் அவள் கைகளுக்கு வந்துவிட்டது. ஒரு கால் இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்ததில்லை. இன்னும் சூடாக இருந்தது. இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு, விரித்திருந்த துணியில் வைக்கும்வரை அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

"கை நடுங்கல," என்றார் ஆசிரியை, கை கழுவுமிடத்தில். "இதைச் சொல்லிக் குடுக்க முடியாது. நல்லா வருவீங்க."

அவள் தலையாட்டினாள். உடை மாற்றும் அறைக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். கடையை மூடியபோது, இதில் சேர்ந்தால் வேலை நிச்சயம் என்று யாரோ சொல்லிச் சேர்ந்துவிட்டாள். அவள் கணவர் டவுன் பஸ் டிரைவர். வாய் சும்மா இருக்காது. "டாக்டர் கேட்கிறதை எடுத்துக் குடுக்க ஒரு படிப்பா? இத்தனை வருஷமா நான் கேட்கிறப்ப ஒரு தண்ணி எடுத்துக் குடுத்திருக்கியா நீ?" என்று கேலி செய்தார். ஆனால் அவளுக்குக் கருவிகளின் பெயர் மண்டையில் ஏறாமல் தவித்த நாட்களில் அவர்தான் வழி கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேசையில் கரண்டி, இடுக்கி, கத்தரிக்கோல், மகளின் காம்பஸ் என்று எல்லாவற்றையும் ஒரு துண்டின்மேல் வரிசையாகப் பரப்பச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியின் பெயர். எதிரில் உட்கார்ந்து, நெற்றியைச் சுருக்கி, கையை நீட்டுவார். தவறாக வைத்தால் "ஐயோ, ஆள் போயிட்டான்" என்று நாற்காலியில் சாய்ந்துவிடுவார். மகள் சிரித்துப் புரளுவாள். அப்படி எத்தனையோ சாயங்காலங்கள். அவள் கண் முழுக்க நீட்டிய அந்தக் கையில்தான் இருந்தது. மேசைக்கு அடியில் அவர் கால்களில் எப்போதும் காலுறை இருந்ததை, வீட்டுக்குள்ளும் அவர் அதைக் கழற்றாததை, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் அவள் நினைத்துப் பார்த்தாள். அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த விஷயம். மாத்திரை போடுகிறாரா என்று கேட்பதை அவள் எப்போது நிறுத்தினாள் என்று ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் காலை ஷிப்ட் முடிந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, சீக்கிரம் விட்டுட்டாங்களா?"

அவள் டிவியை அணைத்தாள். "சாக்ஸைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்க."

"குளிருது. வந்ததும் வராததுமா என்ன இது, முதல்ல ஒரு காபி..."

அவள் தரையில் உட்கார்ந்து வலது காலைப் பிடித்தாள். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "தொடாதே."

அந்தக் குரலை அவள் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. மிரட்டல் இல்லை அது. மாட்டிக்கொண்டவனின் குரல். அவள் எழுந்துபோய் ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஒட்டிய கட்டைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்த மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். இந்த முறை அவர் காலை இழுக்கவில்லை. அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், தீர்ப்பு அங்கேதான் எழுதியிருக்கிறது என்பதுபோல. அவள் முகத்தில் எதையும் காட்டவில்லை. இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. பாதத்தின் அடியில் குழி விழுந்து, சுற்றிலும் சதை சாம்பல் நிறத்தில் தொளதொளத்துக் கிடந்தது. சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது.

"வலிக்கலையா?"

"அதான் இல்ல." வலி இல்லாதது ஒரு சாட்சி என்பதுபோல வேகமாகச் சொன்னார். "ஷூவுக்குள்ள ஒரு ஸ்க்ரூ விழுந்திருக்கு. வண்டியில எங்கயோ கழண்டதுதான். அன்னைக்கு முழுக்க அது மேலயே பிரேக்கை மிதிச்சிருக்கேன். சாயங்காலம் ஷூவைக் கழட்டினா ரத்தம். ஒண்ணுமே தெரியலடி. வலிச்சிருந்தா நான் அன்னைக்கே சொல்லியிருக்க மாட்டேனா?"

அவள் காலைத் துண்டின்மேல் வைத்தாள்.

"டிப்போ டாக்டருக்குத் தெரிஞ்சா வண்டியைப் பிடுங்கிடுவான்," என்றார். பிறகு, "உன் பரீட்சை முடியட்டும்னு பார்த்தேன்."

"என் தலைல போடாதீங்க."

அணைந்த டிவியில் இருவரும் மங்கலாகத் தெரிந்தார்கள். அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "பயந்துட்டேன்," என்றார். அவள் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் கோபத்தில் எதையாவது சொல்லிவிடுவாள், அல்லது அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிடுவாள். இரண்டுக்கும் நேரமில்லை. ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் அவள் பயிற்சி எடுக்கும் அந்த ஒன்றுதான். அதே டாக்டர்தான் வந்தார். காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னைக்கு அந்தப் பெரியவர் காலைப் பிடிச்சவங்கதானே?"

"ஆமா டாக்டர்."

"அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியிருந்தது அவளுக்குத்தான். கணவரிடம், மகளிடம், அவருடைய அண்ணனிடம் ஒவ்வொருவராக அவளே சொன்னாள். கணவர் கேட்டுவிட்டு, "எதுவரைக்கும்?" என்று மட்டும் கேட்டார். அவள் தன் காலில் கையை வைத்துக் காட்டினாள். அவள் காட்டிய இடத்தைப் பார்க்காமல் அவர் அவளுடைய கையைப் பார்த்தார்.

மறுநாள் காலை ஆசிரியை அவளை வராந்தாவில் பிடித்தார். "அந்த ரூமுக்கு நீங்க போக முடியாது. உங்க வீட்டு ஆள்."

"தெரியும் மேடம்."

"லீவு போட்டுக்கங்க."

"போட்டா எனக்குப் பரீட்சைக்கு வேண்டிய கேஸ் குறையுமே. பரீட்சை எழுத விடுவாங்களா?"

ஆசிரியை பொய் சொல்லவில்லை. "அடுத்த பேட்ச்தான்."

அடுத்த பேட்ச் என்றால் ஒரு வருஷம். இனி அவர் பஸ் ஓட்டப் போவதில்லை. "அப்ப என்னைப் பக்கத்து ரூம்ல போடுங்க."

"அழுதா மாஸ்க் நனையும். நனைஞ்ச மாஸ்க்கோட உள்ள நிக்கக் கூடாது. நானே வெளிய அனுப்பிடுவேன்."

"அழ மாட்டேன்."

தியேட்டருக்குள் போகப்போவதை மகளிடம் சொன்னபோது அவளுக்கு முதலில் புரியவில்லை. "அப்பாகிட்டயா இருப்ப?"

"இல்ல. வேற கேஸ்."

"என்கூட இரும்மா."

"பெரியப்பா வராருடா."

"பெரியப்பா எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மகள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அந்த முதுகைப் பார்த்தபடி சற்று நின்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

கை கழுவுமிடத்தில், முந்தின நாள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிய சின்னப்பெண் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. "அக்கா, அந்த ரூம்ல என்னைப் போட்டிருக்காங்க. யார்னு தெரியும். வேணாம்னு சொல்லிப் பார்த்தேன், கத்தரி கேட்கல."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேசியபோது குரல் வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோலத்தான் வந்தது. "கணுக்காலை மட்டும் பிடிக்காத. கெண்டைக்காலுக்கு அடியில ஒரு கை, குதிகாலுக்கு அடியில ஒரு கை. ரம்பச் சத்தம் மாறும். மாறினதும் மொத்தக் கனமும் உன் கைக்கு வந்துடும். விட்டுடாத."

"சரிக்கா."

"விட்டுடாத, என்ன?"

"விட மாட்டேன்கா."

அவளுக்குக் கிடைத்தது பித்தப்பைக் கேஸ். அதைப் பற்றிப் பிறகு கேட்டவர்களிடம், நன்றாகப் போனது என்றாள். அது உண்மைதான். கேட்டதெல்லாம் கேட்ட கையில் சேர்ந்தது. நடுவில் ஒருமுறை சுவருக்கு அப்பால் ஏதோ ஒரு சத்தம் ஆரம்பித்து, பிறகு சுருதி மாறியது போலிருந்தது. அது ரம்பம்தானா, வராந்தாவில் தள்ளிக்கொண்டு போன வண்டியா என்று அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் கை நீட்டியிருந்தார். அவள் வைத்தாள். முகமூடி கடைசிவரை காய்ந்தே இருந்தது.

வார்டில் அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் கூட்டம் அதிகம். மகள் ஜன்னல் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் இன்னும் முழுசாகப் பேச்சு வரவில்லை. கணவர் தலையணையில் சாய்ந்து கிடந்தார். இடுப்பிலிருந்து போர்வை. மயக்கம் தெளிந்ததிலிருந்து அவர் ஒருமுறைகூட அந்தப் பக்கம் குனிந்து பார்க்கவில்லை. எதுவும் கேட்கவுமில்லை. "நேத்து உனக்கு என்ன கேஸ்?" என்று மட்டும் கேட்டார். "பித்தப்பை," என்றாள். "ஆள் பிழைச்சானா?" "ம்." அவர் உதடு ஒருபக்கம் கோணியது. சிரிப்பாக வரவேண்டியது, பாதியில் நின்றுவிட்டது.

டிப்போவிலிருந்து அவருடைய பழைய கண்டக்டர் வந்தார். பஸ்ஸில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை. வந்ததும் ஆஸ்பத்திரியின் லிஃப்டைத் திட்டினார், புது ரூட்டில் போட்டிருக்கும் டிரைவரைத் திட்டினார், "நீ வந்தாத்தான் வண்டி வண்டியா ஓடும்பா" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் செத்துவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தார். உட்கார நாற்காலி இல்லை. இருந்த ஒன்றைப் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இழுத்துப் போயிருந்தார்கள்.

"ஏன் நிக்கிற? இப்படி உட்காருப்பா," என்றார் கணவர்.

சொல்லிக்கொண்டே, கட்டிலில் அவருக்கு இடம் விட, வலது காலை உள்பக்கமாக நகர்த்தினார். போர்வைக்குள் முழங்கால் லேசாக எழும்பி, ஒதுங்கி, மறுபடி தாழ்ந்தது. அதற்குக் கீழே போர்வை தட்டையாகவே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஜன்னலருகே மகளும் பார்த்தாள். கண்டக்டர் போர்வையைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு, மெல்ல, அந்த இடத்தில் உட்கார்ந்தார்.