பட்டியலில் விடுபட்ட கட்டுரை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாலும் பெரியவளுக்கு உயிர் என்னவோ இணையத்தில் தான் எழுதும் பயணக் கட்டுரைகளில்தான். மாதக் கடைசியில், மற்றவர்கள் எழுதியதில் தனக்குப் பிடித்த ஐந்தைப் பொறுக்கிப் பட்டியல் போடுவாள். அதில் இடம் கிடைத்தால் புதிதாக எழுதுகிறவர்களுக்குத் தலைகால் புரியாது. வாசகர்கள் கூட்டமாகத் தேடி வருவார்கள். அந்த நாட்டாமை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வினை மாடியிலிருந்து வந்தது. மாடியில் இருந்தவள் கொழுந்தன் மனைவி, சின்னவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தானும் எழுதுகிறேன் என்று அவள் கிளம்பியபோது, எழுதிக் கிழிக்கட்டும் என்று பெரியவள் விட்டுவிட்டாள். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு ஏரிக்குப் போய் வந்தபிறகு பெரியவளின் நிம்மதி போனது.

ஏரியின் ஆழம், படகு நேரம், எங்கே நின்றால் படம் நன்றாக விழும் என்று பெரியவள் விலாவாரியாக எழுதினாள். சின்னவளின் கட்டுரையோ ஏரிக்கே போய்ச் சேரவில்லை. வழியில் பஸ் பழுதாகி நின்றதையும், கரி படிந்த சட்டையை ஓட்டுநர் அலசி ஜன்னல் கம்பியில் காயப்போட்டதையும், அது காய்வதற்குள் பஸ்ஸே ஒரு குடும்பமாகிப் போனதையும் எழுதியிருந்தாள். பெரியவளும் அதே பஸ்ஸில்தான் இருந்தாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள், அந்தச் சட்டையைப் பார்க்கவே இல்லை.

வயிறெரிந்தது. குற்றம் கண்டுபிடிக்கத் திரும்பத் திரும்பப் படித்தாள். கடையில் ஆளில்லாதபோது, குக்கர் விசில் வருவதற்குள், பல் தேய்த்தபடி. ஒரு குற்றமும் அகப்படவில்லை. மாதக் கடைசியில் பட்டியல் வந்தது; சின்னவள் அதில் இல்லை. அடுத்த மாதமும் இல்லை. அவளைவிடச் சுமாராக எழுதிய ஒருவரைக் கூசாமல் சேர்த்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது, தன் இணையப் பக்கத்தை மூடிவிடப்போவதாகச் சின்னவள் சொன்னாள். யாரும் படிக்கவில்லையாம். பெரியவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஆனால் முழுசாகச் சந்தோஷப்படுவதற்குள் சின்னவள் தொடர்ந்தாள்.

"ஒரே ஒரு ஆள் மட்டும் தினமும் வராங்கக்கா. நம்ம ஊர்தான். அந்த பஸ் கட்டுரையை மட்டும் படிச்சிட்டுப் போறாங்க. அவங்களுக்காகத்தான் இன்னும் மூடாம வச்சிருக்கேன்."

பெரியவளுக்குத் திக்கென்றது. எந்த ஊரிலிருந்து, எந்த மாதிரி போனிலிருந்து வருகிறார்கள் என்பதெல்லாம் எழுதுகிறவருக்குத் தெரியும். தன் பக்கத்துக்கு வருகிறவர்களின் கணக்கைத் தினமும் நோண்டுகிறவளுக்கு இது மறந்துபோயிருந்தது. அவள் கணக்கில் வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். தினமும் வருகிற ஆள் ஒருவர்கூட இல்லை.

"அது நான்தான்" என்றாள்.

"தெரியும்க்கா." சின்னவள் மடிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத்தனை தடவை படிச்சீங்களே, ஒரு தடவைகூட ஏன் லிஸ்ட்ல போடலை?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "நீ என்னைவிட நல்லா எழுதுற. என்னால தாங்க முடியலை."

சின்னவள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் பூரித்துப்போயிருந்தது. இனி அவள் மூடமாட்டாள், இன்னும் நன்றாக எழுதுவாள் என்று பெரியவளுக்குப் புரிந்தது. அதையும் அவளால் தாங்க முடியவில்லை.