கை கழுவும் பாடம்

அருள்புரத்து லைன் வீடுகளுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். அந்த முறை அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. சொல்லிவைத்தாற்போல அன்றைக்கே மருத்துவக் கல்லூரி பஸ்ஸும் வந்து நின்றதில் ராமுத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளைக் கோட்டு மாட்டிய பிள்ளைகள் முப்பது பேர் இறங்கினார்கள். கிராமத்தில் வைத்தியம் பார்க்கப் பழகுகிறார்களாம். ராமுத்தாயும் புருஷன் சுடலையும் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தை விட்டு வந்து ஆறு வருஷமாகிறது. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங், அவன் சாயப்பட்டறையில். இங்கே எந்தக் கிராமத்தைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அஃப்ஷீன் என்ற மாணவி அச்சடித்த தாளோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஊட்ல எத்தனை மாடு இருக்குதுங்க?"

"மாடா? பத்துக்குப் பத்து ரூம்புல நாங்களே ஒருக்களிச்சுப் படுக்கோம்."

அவள் 'இல்லை' என்று குறித்தாள். "வயல் எத்தனை ஏக்கருங்க?"

ராமுத்தாய் நிரம்பிய குடத்தை நகர்த்தி வாசலோரம் வைத்தாள். அதற்கும் ஒரு 'இல்லை' விழுந்தது.

அதற்குள் பேராசிரியர் திருமூர்த்தி வந்துவிட்டார். தேனாகப் பேசினார். அதட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

"ஏனுங்கம்மா, ஒரு கொடம் தண்ணி எடுத்துக்கறோம். எல்லாத்துக்கும் கை கழுவறதைச் சொல்லித் தர்றோமுங்க."

அவள் வாய் திறக்குமுன் நிறைகுடத்தை ஒரு பையன் தூக்கிக்கொண்டு போனான். பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்த சுடலையைப் பேராசிரியர் கூப்பிட்டார். அவனும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். நகமெல்லாம் நீலம், உள்ளங்கையெல்லாம் வெடிப்பு.

"பாத்துக்குங்க கண்ணுங்களா," அந்தக் கையை உயர்த்திக் காட்டினார். "இவங்களுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது. நோய் இங்கிருந்துதான் வருது."

சோப்புப் போட்டுத் தேய்த்தார், தண்ணீரை ஊற்றினார், மறுபடி தேய்த்தார். சுடலையின் கண் கலங்கியது. நீலம் அப்படியே இருந்தது.

"எழுதிக்குங்க. சுத்தம் ரொம்ப மோசம்."

ராமுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அழுக்கு இல்லய்யா அது, சாயம். தொட்டிக்குள்ள வெறுங்கைய விட்டுத் துணி எடுக்காரு. வெடிப்புல சோப்பப் போட்டுத் தேய்க்கீகளே, மனுசன் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கது தெரியலையா?"

"அதெல்லாம் வேற டிபார்ட்மென்டுங்கம்மா," என்று அவர் சிரித்தார்.

அஃப்ஷீன் தாளை முன்னும் பின்னும் புரட்டினாள். "சார், சாயத்தை எங்கீங்க எழுதறது? கட்டம் இல்லீங்களே."

"அதை உட்டுட்டு அடுத்த ஊட்டுக்குப் போ கண்ணு."

அந்தப் பெண் தாளை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். போகட்டும், இதுவும் ஒருநாள் டாக்டராகி எங்காவது உட்காரும் என்று ராமுத்தாய் உதட்டைச் சுழித்தாள். கால் குடமாகிப்போன குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். தண்ணீர் நின்றிருந்தது.

எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பஸ் கிளம்பியது. சுடலை தேங்காயெண்ணெயைக் கையில் தடவிக்கொண்டிருந்தான்.

"நல்ல மனுசன். டாக்டரு நம்ம கையப் பிடிச்சுப் பாத்தாருல்லா?"

"பிடிச்சாரு. எங்க பாத்தாரு? நீங்க வேற கும்பிடு போட்டு அனுப்புதீக. சாயம் எது அழுக்கு எதுன்னு தெரியாதவரு பாடம் நடத்தி முப்பது டாக்டரு வரப்போவுது."

இரண்டு மாதம் கழித்து பஸ் மறுபடி வந்தது. ராமுத்தாய் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். யாரோ தட்டினார்கள். சுடலை எழப் பார்த்தான்.

"உக்காருங்க," என்றாள்.