அந்தக் குளிசை என்னத்திலை செய்தது?

1

இந்தக் கதை ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் பிறந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண், அங்கிருந்த டொக்டரிடம், "இது சைவமோ?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. மிச்சமெல்லாம் என்ரை புளுகு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் ஒரு...' சீ! ஆர் வாசிக்கிறது உதை?

2

கரவெட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிற வாகீசன், தீட்சை கேட்ட நாள் முதல் முட்டைகூடத் தொடாத ஆள். குடி அறவே இல்லை. (கணைய அழற்சி என்றதும் ஊர், 'உவன் களவாய்க் குடிச்சிருப்பான்' என்றது. நாசமாய்ப் போன ஊர்.) வருசக்கணக்காய் வயிற்று நோ. தின்றது ஒன்றும் உடம்பில் ஒட்டாமல் எலும்பும் தோலுமாகிவிட்டார்.

டொக்டர் அவர் மனைவி பத்மாவதிக்கு வழிகளைச் சொன்னார். வாய்க்குள்ளால் குழாய் விட்டுக் கணையத்தில் கிடக்கிற கல்லை எடுக்கலாம், ஆனால் கல் பெரிசு. வெட்டிச் செய்யலாம், இந்த உடம்பு தாங்காது.

"முதல்லை சதை வைக்கவேணும் அம்மா. ஒவ்வொரு சாப்பாட்டோடையும் இந்தக் குளிசை. சமிபாட்டுக்கு."

"இது சைவமோ?"

டொக்டர் தலையைச் சொறிந்தார். "பன்றியின்ரை கணையத்திலை இருந்து எடுக்கிறது. இங்கை வேறை இல்லை."

வீட்டுக்கு வந்து அவள் புருசனிடம் சொன்னது: "நல்ல மருந்தாம்."

3

பாழாய்ப்போன மருந்து நன்றாகவே வேலை செய்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. வாகீசன் குளிசைப் போத்தலைச் சாமியறையில், பிள்ளையார் படத்தடியில் வைத்துவிட்டார். திருநீறு பூசிக் கும்பிட்ட பிறகுதான் ஒன்றை எடுப்பார்.

"இஞ்சாருங்கோ, அதை அடுப்படியிலை வையுங்கோவன்."

"ஏன்? உயிர் தந்த மருந்தெல்லோ?"

பத்மாவதி சாமியறைக்குள் போகிறதையே விட்டுவிட்டாள். இப்போது விளக்குக் கொளுத்துவது மகள் கீர்த்திகா.

(இந்த இடத்தில் டொக்டர் வீடு தேடி வந்து உண்மையை உளறுவதாக எழுதி, அடித்துவிட்டேன். டொக்டர்மாருக்கு வேறை வேலை இல்லையோ?)

4

சத்திரசிகிச்சைக்கு இன்னும் சதை வேணும். இன்று மத்தியானம் வாகீசன் சோற்றைக் குழைத்தபடி, இடக்கையில் குளிசையை வைத்துக்கொண்டு கேட்கிறார்.

"பத்மா, நீ ஏன் சாமியறைக்கு வாறேல்லை? உது என்னத்திலை செய்தது?"

ஒரு முடிவில் அவள், "ஏதோ வேராம்" என்கிறாள். அவர் விழுங்குகிறார், பிழைக்கிறார். அவள் அந்த அறை வாசலில் காலம் முழுக்க...

மற்றதில் உண்மையைச் சொல்கிறாள். அவர் குளிசையைச் சோற்றுக்கோப்பையோரம் வைத்துவிட்டுக் கை கழுவ எழும்புகிறார். அதற்குப் பிறகு எழுத எனக்குத் தெரியும், மனந்தான் வரவில்லை.

இரண்டையும் வைத்துக்கொண்டு நான் முழிக்க, நான் எழுதாத ஒன்றை வாகீசன் தானாகச் சொல்கிறார்.

"யோசிச்சுச் சொல்லு, பத்மா. எனக்கு வாழ ஆசையாய்க் கிடக்கு."

அவருக்குத் தெரியுமோ? சத்தியமாய் எனக்குத் தெரியாது. பத்மாவதி என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். குளிசை சாப்பாட்டோடைதான் போடவேணும். சோறு ஆறுது, சொல்லுங்கோ.