நாற்பதாம் நம்பர் கோட்டு

நூற்று அறுபத்தெட்டு நாள். ஒரு நாள்கூட விடவில்லை. நான் விட்டாலும் என் தங்கை விட்டிருக்கமாட்டாள். காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தம்ளரோடு வந்து நிற்பாள். மாத்திரைகளை விழுங்கியதும், "நாக்கக் காட்டு" என்பாள். காட்டுவேன். "அடியில?" அதையும் காட்டுவேன். வீட்டில் அவளுக்குப் பெயர் போலீஸ். முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து நான் அலறியபோது, மருந்தோடு கொடுத்த தாளை எடுத்து நிதானமாகப் படித்தாள். "மருந்தோட கலர்தான் அக்கா. பயப்படாத. சாயப்பட்டறை வெச்சுக் கொடுக்கறேன், பொழைச்சுக்கோ."

நேற்றுக் கடைசி மாத்திரை. இன்று காலை பத்தரைக்கு, தையல் கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் நின்றுகொண்டு ஆஸ்பத்திரி நர்ஸக்காவிடமிருந்து வந்த ஃபோனை எடுத்தேன்.

"சளியில கிருமி இல்ல. எக்ஸ்ரேயும் நல்லா இருக்கு. டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. முடிஞ்சுது, போ."

"நெஜமாவா அக்கா?"

"இல்ல, வெளையாட்டுக்குச் சொல்றேன். அடுத்த தடவ சும்மா பாக்க வா, மாத்திரைக்கு வராத."

காசநோய் போய்விட்டது. மூன்று மாடியையும் ஓடி இறங்கி ஓடி ஏறவேண்டும்போல் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன் இதே படியில் ஆறாவதிலேயே உட்கார்ந்துவிட்டவள் நான். போலீஸுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். அவள் இருபது கைதட்டல் படம் அனுப்பினாள், பிறகு "மாத்திரை முடிஞ்சாலும் தினமும் முட்டை உண்டு" என்று ஒரு வரி.

உள்ளே போனேன். யாரிடமும் சொல்ல முடியாது. கூடத்தில் எல்லோருக்கும் எனக்கு வந்தது டைஃபாய்டு. ஒரு மாதம் லீவு எடுத்ததும் அதற்காகத்தான். முன்பு, இஸ்திரி போடும் அக்கா அம்மை வந்து குணமாகித் திரும்பியபோது, அவளுக்கென்று ஒரு தம்ளரைத் தனியாக ஜன்னலில் வைத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. தம்ளர் மட்டும் அங்கே இருந்தது. மூன்று மாதத்தில் அவள் வேலையை விட்டுவிட்டாள். எனக்கு இந்த வேலை வேண்டும். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கும்வரை துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின்தான். "பி.எஸ்.சி." என்று கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம்.

உட்கார்ந்து மெஷினை ஓட்டினேன். பெடல் என் காலுக்கடியில் தானாகத் துள்ளியது. வலது பக்கம் மூன்றடி தள்ளிக் கட்டிங் மேசை. அதன் பக்கத்தில் கட்டிங் மாஸ்டர் ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். ஓட்டல் பரிமாறுகிறவர்களுக்கான கோட்டு, அறுபது, எல்லாம் நாற்பதாம் நம்பர். அதற்காக முதலில் தைத்த சாம்பிள் அது.

எங்கள் கூடத்தில் அளவு பார்க்க ஆண்பொம்மை கிடையாது. மாஸ்டர்தான் பொம்மை. அவர் மார்பளவு இருபது வருடமாக நாற்பது. நாற்பதாம் நம்பர் எதைத் தைத்தாலும் முதலில் அவர் மேல் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் மீதித் துணியில் கத்தி படும்.

கோட்டு தொளதொளவென்று தொங்கியது.

"கோட்டா இது? பந்தல்" என்றார் பட்டன் தைக்கும் அக்கா. "உள்ள இன்னொருத்தர் வாடகைக்கு வரலாம்."

"அளவெல்லாம் நான் போட்டதுதான்" என்றார் மாஸ்டர். இருமினார். "டேப்தான் இழுத்துப்போச்சு. பழசு. நீண்டுபோன டேப்ல வெட்டினா துணி பெருசாத்தான் வரும்."

முதலாளியம்மா டேப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இன்னிக்குள்ள வெட்டியாகணும் மாஸ்டர். எவ்வளவு கூட இருக்கு?"

பட்டன் அக்கா அவர் மார்பைச் சுற்றி அதே டேப்பைப் போட்டார். "முப்பத்தெட்டு."

"பாத்தீங்களா? நாப்பது இருக்கவேண்டிய எடத்துல முப்பத்தெட்டு காட்டுது. ரெண்டு அங்குலம் பொய் சொல்லுது சனியன்." மாஸ்டருக்கு வெற்றி. டேப் குப்பைக்கூடைக்குப் போனது. "பேட்டர்ன்ல ரெண்டு கொறைச்சுடறேன்."

சாக்பீஸை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். மேசையில் வெள்ளைத் துணி அடுக்கடுக்காக விரித்துக் கிடந்தது. பாதிக் கோடு போட்டதும் நிறுத்தி மறுபடி இருமினார். சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார். மின்விசிறி நேராக அவர் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

குப்பைக்கூடை என் காலடியில். டேப்பை எடுத்தேன். என் மெஷினில் ஓர் இரும்பு ஸ்கேல் உண்டு. அதன்மேல் டேப்பை நீட்டினேன். ஒன்று, ஆறு, பன்னிரண்டு. டேப்பின் கோடு ஸ்கேல் கோட்டின்மேல் சரியாக உட்கார்ந்தது. அடுத்த பன்னிரண்டு. அதற்கடுத்தது. நாற்பது வரைக்கும் போனேன். நூல் அளவுகூட நீளவில்லை.

டேப் பொய் சொல்லவில்லை. கோட்டும் சரி. மாஸ்டர்தான் இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறார்.

இருமல் எப்போது ஆரம்பித்தது? பள்ளிச் சீருடை வெட்டும்போதே இருந்தது. அந்த ஆர்டர் முடிந்தே ஒரு மாதம். பஞ்சுத் தூசி என்றார், எல்லோரும் தலையாட்டினோம். இங்கே எல்லோருக்கும் தூசி இருமல் உண்டு. போன வாரம் மதியச் சாப்பாட்டில் பாதியைப் பூனைக்கு வைத்தார். நாலு மணிக்குமேல் உடம்பு கதகதவென்று இருக்கிறது என்று ஜன்னல் பக்கம் போய் நிற்கிறார். ராத்திரி தலையணை நனைந்துபோவதைப் பட்டன் அக்காவிடம் சொல்லிச் சிரித்தார். ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். வரிசைகூடத் தெரியும்.

கத்திமெஷின் உறுமத் தொடங்கியது.

"வெட்டாதீங்க!"

என் குரல்தான் அது. பதினொரு மெஷினும் நின்றன. இவ்வளவு சத்தம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. நுரையீரல் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

"பி.எஸ்.சி.க்கு வாய் இருக்கா?" என்றார் பட்டன் அக்கா.

ஸ்கேலையும் டேப்பையும் மேசைமேல் வைத்தேன். "டேப் சரியா இருக்கு மேடம். நீங்களே பாருங்க. ரெண்டு கொறைச்சு வெட்டினா அறுபது கோட்டும் யாருக்கும் பத்தாது."

முதலாளியம்மா வைத்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு கத்திமெஷினின் சொருகியைப் பிடுங்கிவிட்டு மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். அறையே அவரைப் பார்த்தது.

"என்ன எல்லாரும் பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்க?" என்றார் மாஸ்டர். "கொஞ்சம் எளைச்சிருக்கேன். நல்லதுதான? தொப்பை போச்சு."

"மாஸ்டர், சளி டெஸ்ட் பண்ணிடுங்க" என்றேன். "இன்னிக்கே. ரெண்டு வாரத்துக்குமேல இருமினாலே பாக்கணும். நீங்க அஞ்சு வாரம். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, பசி இல்ல, எடை வேற எறங்கியிருக்கு."

அவர் முகம் மாறியது. "எதச் சொல்ற நீ? அந்த வியாதியா?" குரலைத் தாழ்த்தினார். "வாயக் கழுவும்மா. பேரப்புள்ளையத் தூக்கி வெச்சிருக்கற கை இது."

"அதனாலதான் மாஸ்டர்."

"தூசிம்மா. இருபது வருஷத் தூசி. ரெண்டு நாள் வெந்நீர் குடிச்சா சரியாப்போகும்." கோட்டைக் கழற்றத் தொடங்கினார்.

முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்? காலேஜ்ல படிச்சியா?"

நல்ல கேள்வி. பதிலும் அதிலேயே இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போகலாம். ஆனால் மாஸ்டர் வெந்நீர் குடிப்பார். ஆறு மாதத்துக்கு முன் நர்ஸக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "கூட வேலை செய்யறவங்க பேரச் சொல்லு, அவங்களையும் பாக்கணும்" என்றபோது, "நான் தனியா ஒரு ரூம்ல தைக்கறேன் அக்கா" என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு பொய்க்கும் இந்த இரண்டு அங்குலத்துக்கும் நடுவே மூன்றடி தூரம்தான். எனக்கு வந்ததுதான் அவருக்கும் போனதா, எனக்குத் தெரியாது. ஒருவேளை இருக்கலாம்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் ஆரம்பித்த அந்தத் துள்ளல் இன்னும் போகவில்லை. மூச்சை இழுத்தேன். அடிவரைக்கும் போனது, எங்கும் தட்டவில்லை.

"படிக்கல மேடம்." மாஸ்டரைப் பார்த்தேன். "மாஸ்டர், நான் கூட்டிட்டுப் போறேன். மருந்து இலவசம். காலைல வெறும் வயித்துல, ஆறு மாசம். முதல்ல வயித்தப் பொரட்டும், அப்பறம் பழகிடும். பசி ரெண்டாவது மாசம் வரும், வந்தா விடாது. வீட்ல யாரையாவது போலீஸா வெச்சுக்கோங்க. பேரப்புள்ளையையும் காட்டிடலாம். மருந்து முடியறதுக்குள்ள நீங்க மறுபடி நாப்பது ஆயிடுவீங்க."

"என்னமோ போயிட்டு வந்த மாதிரி பேசறியே" என்றார் மாஸ்டர்.

ஜன்னலைப் பார்த்தேன். அங்கே இப்போது தம்ளர் எதுவும் இல்லை. வைத்தால் வைக்கட்டும்.

"ஏழு மாசத்துக்கு முன்னாடி உங்க மேசைக்குப் பக்கத்துல உக்காந்து அஞ்சு வாரம் இருமினேனே, ஞாபகம் இருக்கா? நீங்க எனக்கு வெந்நீர் வெச்சுக் கொடுத்தீங்க. அப்பறம் ஒரு மாசம் லீவு. எனக்கு வந்தது டைஃபாய்டு இல்ல, மாஸ்டர். டி.பி."