தோணியில் பிறந்த குட்டி

தலையில் மீன்பெட்டி இல்லாத நேரத்திலும் அமலோற்பவத்தின் கழுத்து நேராகத்தான் நிற்கும். ஊரில் அதற்குத் திமிர் என்று பெயர். புருஷன் கொழும்புக்குப் போய் ஆறு வருஷமாகிறது, நாலு வருஷமாகக் கடிதாசி இல்லை. அப்படிப்பட்ட பெண்பிள்ளை கொஞ்சம் குனிந்து நடந்தால் நாலு பேர் ஐயோ பாவம் என்பார்கள், கூட இரண்டு மீன் வாங்குவார்கள். அவள் குனிவதாக இல்லை. மீனுக்கு ஒரு தடவைதான் விலை சொல்லுவாள். பிடிக்காதவர்கள் வேறு மீன்காரியிடம் வாங்கிக்கொள்ளட்டும், தூத்துக்குடியில் மீன்காரிக்கா பஞ்சம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. துறைமுகத்துக்கு வடக்கே, உப்பு வியாபாரி ஒருவர் தர்மத்துக்குக் கொடுத்த பழைய சரக்குக் கிட்டங்கியில் சிவனணைந்தபெருமாள் என்பவர் தெருநாய்களை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஊரார் அந்த இடத்தை நாய்ப்பட்டி என்றார்கள், அவரைப் பெருமாளண்ணாச்சி என்றார்கள். விற்காமல் நொந்துபோன சாளையையும் காரலையும் அமலோற்பவம் தினமும் மத்தியானம் அங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள். புண்ணியத்துக்கா என்று யாராவது கேட்டால், கடலில் எறிய அவ்வளவு தூரம் நடக்கவேண்டுமே என்பாள். கடல் இருந்தது நாய்ப்பட்டியைவிடக் கிட்டத்தில்.

அங்கேதான் அந்தக் குட்டியைப் பார்த்தாள். நாலு மாதக் குட்டி, செம்மண் நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். மூலையில் தனியாகக் கட்டிப்போட்டு, முன்னால் ஒரு கோணிச்சாக்கைத் திரைமாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். சாக்கு காற்றில் விலகி வேறொரு நாயின் வால் நுனி தெரிந்தால் போதும், கயிற்றை அறுக்கிற மாதிரி பாய்ந்து தொண்டை கிழியக் கத்தும். மனிதர்களிடம் மட்டும் பரம சாது. யார் வந்தாலும் காலில் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

அதன் கதையை அண்ணாச்சி சொன்னார். கொச்சியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த தோணியில் ஒரு நாய் ஏறி, ஒரே ஒரு குட்டியைப் போட்டு, கண் திறக்கிற வரைக்கும் பால் கொடுத்துவிட்டு, அடுத்த துறையில் இறங்கி நடந்துவிட்டதாம். தோணிக்காரர்கள் சோற்றுக்கஞ்சி கொடுத்து வளர்த்தார்கள். குட்டி பார்த்தது தண்ணீர், பாய், மனிதர்கள். இன்னொரு நாய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. இந்தத் தடவை தோணிக்குக் கொழும்புச் சரக்கு கிடைத்தது. அங்கே நாயோடு போனால் நோய்க்குப் பயந்து தோணியையே ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள் என்று தோணித் தலைவரான தண்டல் பயந்து, குட்டியை இங்கே விட்டுவிட்டுப் பாயை ஏற்றிவிட்டார்.

கொழும்பு என்ற சொல் அமலோற்பவத்துக்குச் சுருக்கென்று தைத்தது. கொழும்புக்காகக் கரையில் விடப்பட்டது இந்தக் குட்டி மட்டுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

பட்டியில் இருபது நாய்க்குத்தான் இடம். யாரும் கேட்காத நாயைச் சனிக்கிழமை நாய் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஏறினது திரும்பாது. கொண்டுபோகிறவர்களிடம் அண்ணாச்சி கைநாட்டோ கையெழுத்தோ வாங்குவார்: நாய் மேல் ஒரு புகார் வந்தாலும், எத்தனை வருஷமானாலும், அதைத் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். தர்ம காரியத்துக்கு ஊரில் கெட்ட பெயர் வரக்கூடாதென்று அவருக்கு அப்படியொரு பயம்.

அமலோற்பவம் அந்தக் குட்டியைத் தனக்குக் கேட்டதும், "இது உனக்குச் சரிப்படாதுளா," என்றார் அண்ணாச்சி. "நீ தெருத்தெருவா மீன் பெட்டியோட போறவ. பெட்டி பின்னால ஊரு நாயெல்லாம் வரும். இது ஒவ்வொண்ணு மேலயும் பாயும். மூணாம் நாளு புகார் வந்துரும்."

"வந்தா கொண்டாந்து விடுதேன். வராது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். தருவைகுளத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் நிமிர்ந்து நின்றது.

முதல் வாரமே சந்தி சிரித்துவிட்டது. அவள் வள்ளக்காரர் வீட்டில் வளர்ந்தவள். நங்கூரம் போட்டு நிற்கிற வள்ளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வள்ளம் வந்தால் கயிற்றை இழுத்துக் குறுக்கவேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஆடி மோதிக்கொள்ளும். நடக்கப் படித்தபோதே படித்த பாடம் அது. ஆகவே தெருமுனையில் ஒரு நாய் தலை தெரிந்ததும் அவள் கை தானாகவே கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் குறுக்கிவிடும். குட்டியின் முன்னங்கால் தரையை விட்டு எழும்பிவிடும். அப்புறம் கேட்க வேண்டுமா, கூச்சல் நாலு தெருவுக்குக் கேட்கும். சாந்தமாகப் படுத்திருந்த நாய்கள்கூட என்ன விஷயம் என்று எழுந்து வந்தன.

எல்லாவற்றிலும் மோசம் வடிவம்மாள் வீட்டு வாசல். வடிவம்மாளின் வீட்டுக்காரருக்குப் பலசரக்குக் கடை. அந்த வீட்டு நாய் டைகரும் இரண்டு வருஷத்துக்கு முன் அதே பட்டியிலிருந்து போனதுதான், ஆனால் இப்போது அதற்குப் பித்தளைச் சங்கிலி, பாலும் சோறும். குட்டி போட்ட கூச்சலில் டைகர் சங்கிலியை இழுத்துத் தூணையே ஆட்டியது. வடிவம்மாள் வெளியே வந்து, இன்னொரு தடவை இந்தச் சனியன் இங்கே வந்து கத்தினால் பெருமாளண்ணாச்சியிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னாள். மீன் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கம் சிரித்தது. அமலோற்பவம் கழுத்தைத் திருப்பாமல் நடந்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. புகார் ஒன்று போதும். திரும்பி வந்த நாயை யாரும் கேட்கமாட்டார்கள்.

மறுநாள் ஒரு முட்டுச்சந்தில் சொறிநாய் ஒன்று எதிரே வந்துவிட்டது. அதே நேரம் தலையில் பெட்டி சரிந்தது. இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்தாள், கயிறு நழுவித் தரையில் விழுந்தது. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். கூச்சல் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், குட்டி பாயவில்லை. அவள் சேலைக்குப் பின்னால் நுழைந்து, வாலைக் காலுக்கிடையில் சொருகிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. சொறிநாய் தன்பாட்டுக்குப் போய்விட்டது.

அமலோற்பவம் பெட்டியை இறக்கிவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இதற்கு வீரமும் இல்லை, வெறியும் இல்லை. இது பயந்துபோய்க் கத்துகிறது. ஓட வழியிருந்தால் ஓடும். வழியை அடைத்தது யார்? அவள்தான், கயிற்றைக் குறுக்கிக் குறுக்கி. வள்ளத்துக்குப் பயம் கிடையாது, அதை இழுத்துக் கட்டலாம். இந்தச் சின்ன விஷயம் தனக்கு ஏழு நாளாகப் புரியவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் தப்பைத் தானே ஒத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம்.

அதிலிருந்து வேறு மாதிரி ஆரம்பித்தாள். விடிந்ததும் முதலில் மடி நிறைய நெத்திலிக் கருவாடு. நாய் எதிரே வந்தால் நேருக்கு நேர் போவதில்லை. தெருவின் அந்தப் பக்கம் ஒதுங்கி, வளைந்து, தூரமாக. எவ்வளவு தூரத்தில் குட்டி நாயைப் பார்த்தும் கத்தாமல் இருக்கிறதோ அவ்வளவு தூரம். கயிறு தொய்ந்து தொங்கவேண்டும். குட்டி நாயைப் பார்க்கும், உடனே வாயில் ஒரு நெத்திலி. நாய் மறைந்தால் நெத்திலியும் கிடையாது. முதல் நாள் ஒரு தெரு அகலம் தேவைப்பட்டது. பத்து நாளில் பாதித் தெரு போதும் என்றாயிற்று. பிறகு ஒரு நாள் சங்குக் கிட்டங்கிப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். சங்குச் சதை அழுகுகிற நாற்றத்துக்கு ஊர் நாயெல்லாம் அங்கேதான் கூடும். தள்ளி நின்று குட்டிக்கு ஒவ்வொரு நாயாகக் காட்டிக்காட்டி ஊட்டினாள்.

ஊர் அதையும் விடவில்லை. நாய்க்கு நெத்திலி, தனக்கு வெறுங்கஞ்சி என்றார்கள். அது நிஜம்தான். சுற்றிச் சுற்றி நடப்பதால் அவள் வந்து சேருவதற்குள் பாதி வீட்டில் குழம்பு கொதித்துவிடும், வியாபாரம் படுத்துவிட்டது. சில நாள் குட்டி பழையபடி கத்தித் தீர்க்கும், அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும், மறுநாள் மறுபடியும் மடியைக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். மூன்றாவது மாதம் ஒரு காலையில், நாயொன்றைப் பார்த்த குட்டி குரைக்காமல் தானாகவே திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டேன், என் நெத்திலி எங்கே என்கிற பார்வை. நடுத்தெருவில் நின்று சிரித்தாள். அவள் சிரித்து ஊர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அந்த வாரமே வடிவம்மாள் தெரு வழியாகத் திரும்ப நடக்க ஆரம்பித்தாள். எதிர்ப்பக்கமாகத்தான். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. டைகர் குரைத்தது, குட்டி அவள் முகத்தைப் பார்த்துத் தின்றுகொண்டே கடந்தது. மூன்றாம் நாள், டைகரின் சங்கிலிக் கொக்கி கழன்றுவிட்டது.

டைகர் வருவதை அவள் பார்த்தாள். கை கயிற்றைச் சுற்றப் போயிற்று, வேண்டாம் என்று நிறுத்தினாள். விரலை விரித்துக் கயிற்றை விட்டுவிட்டாள். டைகர் வந்த வேகத்தில் குட்டியின் காதைக் கவ்வியது. குட்டி ஒரே ஒரு தடவை கத்தி, உதறிக்கொண்டு, திருப்பிக் கடிக்காமல் அவள் காலுக்குப் பின்னால் வந்துவிட்டது. அமலோற்பவம் குறுக்கே நின்றபடி, தலைப்பெட்டியிலிருந்து கைக்கு அகப்பட்டதை எடுத்து டைகருக்குப் பின்னால் எறிந்தாள். அகப்பட்டது அன்றைக்கு இருந்ததிலேயே பெரிய ஊளி. டைகர் காதை மறந்துவிட்டு மீனைத் தேடிப் போயிற்று. குட்டி ரத்தம் சொட்டச் சொட்ட அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தது. மடியிலிருந்த நெத்திலி முழுவதையும் அதன் முன்னால் கொட்டினாள்.

தெருவே பார்த்தது. வடிவம்மாளும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மத்தியானம் குட்டியின் காதில் மஞ்சளை அப்பி அதோடு அவள் பட்டிக்குப் போனபோது, செய்தி அவளுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. அண்ணாச்சி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். டைகருக்காகப் போட்ட கையெழுத்தும் அதே நோட்டில்தான் இருக்கிறது, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வடிவம்மாளே வந்துவிட்டாள், வண்டியில் இல்லை, வெயிலில் நடந்து. டைகரின் சங்கிலியைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றி, விரல் வெளுக்கப் பிடித்திருந்தாள். டைகர் மூச்சுத் திணறி உறுமிக்கொண்டிருந்தது. அவள் கண் சிவந்திருந்தது. அமலோற்பவத்தின் முகத்தைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்து நின்றாள்.

"நடந்ததச் சொல்லுளா," என்றார் அண்ணாச்சி, பேனாவை மையில் தொட்டுக்கொண்டு. "எழுதுதேன்."

மூன்று மாதம் கேட்ட சிரிப்பெல்லாம் அமலோற்பவத்தின் நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை போதும். இந்த ஊரில் முதல் தடவையாக வார்த்தை அவள் கையில் இருந்தது, அதன் கனம் அவளுக்குத் தெரிந்தது. அவள் டைகரைப் பார்த்தாள். அதன் முன்னங்கால் தரையில் படவில்லை.

"எழுத ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மூடி வையும்," என்றாள்.

பிறகு வடிவம்மாள் பக்கம் திரும்பினாள். குரலில் கெஞ்சலும் இல்லை, குத்தலும் இல்லை.

"யக்கா, அது சண்டைக்கு வரல. பயந்து வருது. சங்கிலிய இம்புட்டு இறுக்குனா அது எங்கன போவும்? நானும் முதல்ல இப்படித்தான் இழுத்தேன், எனக்கும் தெரியல. கொஞ்சம் விடுங்க."

வடிவம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு சுற்றை அவிழ்த்தாள். டைகரின் கால் தரையில் ஊன்றியது. இன்னொரு சுற்றையும் அவிழ்த்தாள். உறுமல் நின்றது. பத்தடி தள்ளிக் காதில் மஞ்சளோடு உட்கார்ந்திருந்த குட்டி டைகரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தது.

இதை உலகமே பார்க்கவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

"காலையில கடக்கரைக்கு ரெண்டு பேரும் வாங்க. நான் சொல்லித் தாரேன்," என்றாள். "கால் படி நெத்திலி அங்கனயே வாங்கிக்கோங்க. என்கிட்ட விலை ஒண்ணுதான், குறைக்க மாட்டேன்."