கடைசி இழுப்பு

நான் இல்லாவிட்டால் இந்த டிப்போவில் ஒரு சக்கரமும் ஒழுங்காக நிற்காது. இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பதினெட்டு வருஷம் ஃபோர்மேனாகக் குப்பை கொட்டியதெல்லாம் இந்த ஒரு நினைப்பில்தான்.

பஸ்ஸுக்குச் சக்கரம் மாட்டுவது ஃபிட்டரின் வேலை. அவர் பத்து நட்டையும் இறுக்கிவிட்டுப் போன பிறகு, சாயங்காலம் நான்கு மணிக்கு நான் ஒரு சுற்று வருவேன். ஸ்பேனரின் பிடியில் மூன்றடிக் குழாயைச் சொருகி, ஒவ்வொரு நட்டையும் இன்னொரு இழு இழுப்பேன். அனேகமாக எல்லா நட்டும் என் கைக்குக் கொஞ்சம் திரும்பும். பார்த்தாயா, தளர்வாகத்தான் விட்டிருக்கிறான் என்று மனசுக்குள் ஒரு திருப்தி வரும். ஒர்க்‌ஷாப்பில் எனக்குக் ‘கடைசி இழுப்பு’ என்று பட்டப்பெயர். சாகக் கிடக்கிற ஆளைச் சொல்வது போல இருக்கிறது என்று என் மனைவி சிரிப்பாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பஸ்ஸின் சக்கரம் கழன்று ஓடி, டிரைவர் செத்துப்போனார். அப்போதிருந்த ஃபோர்மேன் அறையை விட்டு வெளியே வராத ஆசாமி. அவர் ஒரு தரம் வந்து தொட்டுப் பார்த்திருந்தால் அந்த மனுஷர் பிழைத்திருப்பார் என்று சாவு வீட்டு வாசலில் நின்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு நான் யாரையும் நம்பி ஒரு வேலையை விட்டதில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மனைவியைக் கண் டாக்டரிடம் மூன்று மணிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நான் இல்லையென்று தெரிந்தால் ஆளாளுக்குக் கை ஓய்ந்துவிடும். தொப்பியை மேஜைமேல் வைத்து, ஃபேனை ஓடவிட்டு, பின்வாசல் வழியாக நழுவினேன்.

“என்னங்க, ஸ்கூலுக்கு டிமிக்கி குடுக்கிற மாதிரி வர்றீங்க?” என்றாள் மனைவி.

“சொல்லிட்டு வந்தா அவனவன் ஆட்டம் போடுவான்” என்றேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பிய ஒரு பஸ்ஸின் முன்சக்கரம் வழியில் கழன்றது. வண்டி சாய்ந்து ஒரு சுவரில் உரசிக்கொண்டு நின்றது. படியருகே நின்றிருந்த கண்டக்டரின் நசுங்கிய வலது கையை ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்தச் சக்கரத்தை மாட்டியவன் நெட்டை. அவன் உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர். பதினைந்து வருஷ அனுபவம், படிக்கிற வயதில் இரண்டு பெண்கள். மறுநாளே அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நட்டுகளைத் தளர்வாக விட்டது ஃபிட்டரின் அலட்சியம் என்று மேனேஜர் ரிப்போர்ட் தயார் செய்தார். நான் கையெழுத்துப் போட்டால் நெட்டைக்கு வேலை போய்விடும். எனக்கு அப்போதிருந்த கோபத்தில் அங்கேயே போட்டிருப்பேன். திங்கட்கிழமை டைப் ஆகி வந்ததும் போடலாம் என்றார் மேனேஜர்.

திங்கட்கிழமை காலையில் கருவிகளை ஒப்படைக்க நெட்டை என் அறைக்கு வந்தான்.

“ஏன்டா, உனக்கு ஒரு நட்டு இறுக்கத் தெரியாதா?”

“தெரியும்ணே.”

“அப்புறம்?”

அவன் ஸ்பேனர்களை வரிசையாக மேஜைமேல் வைத்தான். “நீங்க குழாயைப் போட்டு இழுக்கிறதுல போல்ட் நீண்டு போவுதுண்ணே. போன வருஷம் நாலு போல்ட்ல விரிசல் பாத்தேன். உங்ககிட்ட வந்து சொன்னேன். வேலை கத்துக்குடுக்காதேன்னு விரட்டி விட்டீங்க. அதனால நாங்களே கால் சுத்து குறைச்சு விடுவோம். நீங்க இழுத்தா அளவுக்கு வந்து நிக்கும்.”

“நாங்கன்னா?”

“எல்லாரும்தான். புதுசா வர்றவனுக்கு முதல் வாரமே சொல்லிடுவோம்.”

“அன்னைக்கு நான்தான் இல்லையேடா.”

“உங்க தொப்பி இருந்துச்சு. ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க ஒரு சுத்து வந்துட்டுப் போயிருப்பீங்கன்னு நினைச்சேன்.” கடைசி ஸ்பேனரையும் வைத்தான். “என் மேலயும் தப்பு இருக்குண்ணே. கேட்டுட்டு வண்டியை விட்டிருக்கணும். அந்தக் கண்டக்டரை நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது.”

பொய் சொல்கிறான் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என் கைக்குத் தெரியும். என் இழுப்புக்கு நட்டு திரும்பும்போதெல்லாம் அவர்களுடைய அலட்சியம் என்றுதானே நினைத்தேன். எனக்காக விட்டுவைத்த கால் சுற்று அது. அவனை மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், விரிசல், கால் சுற்று. தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு நழுவியதையும் சொன்னேன்.

மேனேஜர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். “இத்தனை வருஷமா உங்க ஆளுங்களைத் தூக்கிச் சுமந்தீங்க. இப்ப அவன் பழியையும் சுமக்கப் பாக்குறீங்களா? இந்த மனசு யாருக்கு சார் வரும்?”

“இல்ல சார், நான் சொல்றது நிஜம்.”

“நீங்க ஒரு சாயங்காலம் இல்லாததுக்கே சக்கரம் கழண்டுடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்று டைப் ஆகி வந்திருந்த ரிப்போர்ட்டை என் பக்கம் நகர்த்தினார்.

எல்லா ஃபிட்டர்களையும் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் அவர் பேசப் பேச என் மனசு லேசாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்க இதமாக இருந்தது. அவர் சொல்வதும் சரிதானே என்றுகூடத் தோன்றியது. பேனாவை எடுத்தேன்.

நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நெட்டை எழுந்து நின்றிருந்தான். நான் அவனுக்காக ஏதோ எழுதிக்கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பான். என்னைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினான். நானும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்தைப் போட்டேன்.