மாட்ட மறந்த கண்ணாடி

படாரென்று கிளம்பிய சத்தத்தில் ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன. கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி "இயேசுவே!" என்று அலறினாள்.

கனகமணி மட்டும் எழுந்து ஓடினாள். ஓடியது வீட்டின் முன்பக்கத்திலிருந்த ஸ்டுடியோ அறைக்கு. தெற்குப் பொட்டலில் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கும்போதெல்லாம், அலமாரியில் இருக்கும் லென்ஸுகள் உருண்டு விழாமல் பிடித்துக்கொள்வது அவள் வேலை. "கனகு, அலமாரி!" என்று இருட்டறைக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். இரண்டு கைகளாலும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான், இன்றைக்கு அந்தக் குரல் வரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

குரலுக்கு உரியவன் கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்தான்.

நேற்றுக் காலையில் அச்சங்குளத்துக்குப் புறப்பட்டுப் போனவன்தான் அவள் புருஷன் ராஜசிங். புதிதாய்க் கட்டிய பட்டாசுக் கம்பெனி ஒன்றின் காலண்டருக்குப் படம் எடுக்க வேண்டும். "மேகம் நல்லாத் திரண்டு நிக்கி. ஆரஞ்சுக் கண்ணாடி போட்டா வானம் கறுத்து, மேகம் பஞ்சு மாதிரி எடுபடும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே பையை எடுத்துப் போனான். மத்தியானம் நெஞ்சு பிசைகிறது என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கம்பெனி லாரியில், காலிப் பெட்டிகளுக்கு நடுவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். கனகமணி நர்ஸ். மணிக்கட்டைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. பிறகு ஆஸ்பத்திரியில் யார் யாருக்கோ செய்கிற மாதிரியே அவனைத் துடைத்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டிப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"அழுதிரு ஏட்டி. இப்படிக் கல்லு மாதிரி இருந்தேன்னா நாளைக்கு உடம்பு தாங்காது" என்றாள் நாத்தனார் ஞானசுந்தரி. பிறகு பக்கத்திலிருந்த பெண்களிடம் திரும்பி, தம்பியின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தாள். "எந்தம்பி மனசு யாருக்கு வரும் சொல்லுங்க? கைத்தவறுதலா ஒரு தப்பு நடந்துபோச்சு. அதுக்குத் தன் வாழ்க்கையவே தெண்டமாக் கட்டிட்டான். வேற எவனாச்சும் செய்வானா?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கல்யாண நாளிலிருந்து எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கனகமணிக்கு இடது கன்னத்தில் பிறவியிலேயே ஒரு சிவப்பு மறு. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும் படர்ந்திருக்கும். சாத்தூரில் ஒரு மாப்பிள்ளை அமைந்தபோது, முதலில் படம் அனுப்பச் சொன்னார்கள். 'காமிராவுல சிவப்பு பில்டர் கண்ணாடி மாட்டி எடுத்தா, கறுப்பு வெள்ளைப் படத்துல சிவப்பு எல்லாம் வெளுத்துப்போகும். மறு இருக்கிற இடமே தெரியாது' என்று யாரோ அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா ஞானசீலன் அவளை விருதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஸ்டுடியோவில் ராஜசிங்கும் அவன் கூட்டாளி ஜெய்லானியும் வேலை பார்த்தார்கள். அப்பா கூச்சப்பட்டுக்கொண்டே காதோடு விஷயத்தைச் சொன்னார். ராஜசிங் தலையாட்டினான்.

கழுவிய படத்தை உறையில் வாங்கிக்கொண்டு, சம்பந்தம் பேசிய சபை உபதேசியார் நேரே சாத்தூருக்குப் போய்விட்டார். அடுத்த வாரம், சம்பந்தம் வேண்டாமென்று அது திரும்பி வந்தது. அம்மா உறையைப் பிரித்தாள். கன்னத்தில் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி, நிஜத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்கு கறுப்பாய், அந்த மறு. ஊர் தன்னை இப்படித்தான் பார்க்கிறது போல என்று கனகமணி அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அதை மாற்றி நினைக்கக் காரணம் எதுவும் வரவில்லை.

ராஜசிங் வீடு தேடி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பில்டர் மாட்ட மறந்துட்டேன் சார். தப்பு என்னுது." இரண்டு மாதம் கழித்து அவன் அம்மாவே பெண் கேட்டு வந்தாள். சபையே மெச்சியது.

நல்ல புருஷன்தான். குரலை உயர்த்தியதில்லை. அவளுக்கு ராத்திரி டியூட்டி என்றால் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துவிடுவான். ஆனால் ஊரெல்லாம் படம் எடுத்தவன், கல்யாணத்துக்குப் பிறகு அவளை ஒரே ஒரு படம்கூட எடுக்கவில்லை. பிள்ளையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த பிறகு அவள் கேட்டேவிட்டாள்: "அன்னைக்கு மறக்காம மாட்டியிருந்தா, என்னைக் கட்டியிருப்பீகளா?"

அவன் ஒரு கண்ணாடியைப் பிளானல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அது பளபளத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். "சோறு ஆறுது" என்றான்.

அவ்வளவுதான் பதில். தெண்டம் கட்டுகிறவன் வேறென்ன சொல்வான்? அந்த ஒரு கேள்வியோடு அவள் இத்தனை வருஷம் அவன் பக்கத்தில் படுத்து எழுந்தாள். இனிமேல் கேட்கவும் ஆளில்லை.

வாசலில் சலசலப்பு. விருதுநகர் பஸ்ஸில் வந்திறங்கிய ஜெய்லானி, தோளில் காமிராப் பையும் கையில் ஸ்டாண்டுமாய் உள்ளே வந்தான். இப்போது அங்கே சொந்தமாகவே ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பெட்டியருகே வந்து நின்றான்.

"ஊர்ல ஒவ்வொரு சாவுக்கும் படம் எடுத்துட்டு வந்து சொல்லுவான். 'ஏலே ஜெய்லானி, ஆடாம அசையாம இருக்கறது இவுக மட்டுந்தாம்லே'ன்னு" என்று சிரிக்கப் பார்த்தான். பாதியில் முகம் கோணிக்கொண்டது. துண்டால் துடைத்துக்கொண்டு ஸ்டாண்டை விரித்தான்.

பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு படம் எடுப்பது வழக்கம். ஞானசுந்தரி ஆட்களை நிறுத்த ஆரம்பித்தாள். "கனகு, நீ தலைமாட்டுல நில்லு. அந்தச் சுவரைப் பாத்தாப்புல திரும்பிக்கோ. கன்னம் தெரியாம இருக்கும்."

"நான் நிக்கலை மைனி. நீங்க எல்லாரும் நில்லுங்க."

"என்னட்டி பேச்சு பேசுதே? பொண்டாட்டி இல்லாம ஒரு படமா?"

ஜெய்லானி நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, நீங்க பிள்ளைகளை நிறுத்திக்கிட்டு இருங்க. தங்கச்சி, அவன் பை எங்கன இருக்கு? எனக்கு ஒரு கண்ணாடி வேணும்."

ஸ்டுடியோ அறையில் லாரிக்காரர்கள் போட்டுவிட்டுப் போன இடத்திலேயே பை கிடந்தது. ஜெய்லானி அதைத் திறந்தான். காமிரா முகப்பில் வெறும் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. கம்பெனிப் பக்கம் போனால் லென்ஸில் மருந்துத் தூள் படியாமல் இருக்க ராஜசிங் மாட்டுவது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி. ஜெய்லானி அதை ஊதாமல், துடைக்காமல், அப்படியே மேஜைமேல் வைத்தான். பிறகு பிளானல் சுற்றிய பொட்டலங்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.

"வந்து நில்லும்மா. சிவப்பு போட்டு எடுத்திருதேன். ஒண்ணும் தெரியாது."

"மறக்காம மாட்டுங்கண்ணே" என்றாள் அவள். "ஒரு தடவை மறந்ததுக்கு ஒருத்தர் ஆயுசு பூராத் தெண்டம் கட்டிட்டுப் போயிட்டாக."

ஜெய்லானியின் கை நின்றது. "தெண்டமா? அவன் சொன்னானா?"

"அவுக எதைச் சொன்னாக? வாயத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது. இந்த வீட்டுல என் படம் ஒண்ணு காட்டுங்க பாப்போம். அந்த மூஞ்சிய மறுபடி பாக்கப் புடிக்கலைன்னுதான அர்த்தம்?"

அவன் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் போய் உட்கார்ந்தான். சிவப்புக் கண்ணாடி உள்ளங்கையிலேயே இருந்தது.

"உயிரோட இருக்கிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருந்தான். இப்ப சொல்லலாம்னு நினைக்கேன். தங்கச்சி, பில்டர் மாட்டாம எடுத்தா மறு அம்புட்டுக் கறுப்பா விழாது. இருக்கிறபடி, லேசாத்தான் விழும்."

"பின்னே?"

"அன்னைக்கு சிவப்பை மாட்டி வச்சது நான். உங்கப்பா வெளிய நின்னாரு. நீ குனிஞ்ச தலை நிமிரலை. ஒரு தடவை நிமிந்து, லேசாச் சிரிச்சே. முக்காலி ஆடுச்சுன்னு. இவன் உன்னையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் சிவப்பைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுட்டு, பச்சைக் கண்ணாடிய எடுத்து மாட்டுறான். பச்சை போட்டா, சிவப்பு இருக்கிற இடமெல்லாம் கறுத்து விழும். அது சின்னப் பயலுக்கும் தெரியும்."

"கனகு! பாஸ்டர் ஐயா வந்துட்டாக!" என்று கூடத்திலிருந்து ஞானசுந்தரி கூப்பிட்டாள்.

கனகமணி அசையவில்லை.

"எனக்குப் பதறிப்போச்சு" என்றான் ஜெய்லானி. "'ஏலே, கிறுக்குப் புடிச்சிருச்சா? படத்தைப் பாத்தா அந்த மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லிருவாம்லே'ன்னேன்."

"அதுக்கு அவுக என்ன சொன்னாக?"

"'அதுக்குத்தாம்லே மாட்டுறேன்'னான்."